புல்வெட்டிக்கு ஒரு சைக்கிள் ட்யூப்

நான் வடிவமைத்த மின்சாரப் புல்வெட்டி, பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டால் கைப்பிடியைப் பிடித்திருக்கும்வரை ஓடும், விட்டால் நின்றுவிடும்.

இன்று விருத்தாசலத்தில், அதை வாங்கிய பீங்கான் ஆலைக்குப் போயிருந்தேன். தோட்டக்காரர் செல்வராசு கைப்பிடியைச் சைக்கிள் ட்யூபால் இறுகக் கட்டியிருந்தார்.

"புடிச்சிக்கினே இருந்தா கை வலிக்குது சார்."

வெட்டிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிற்று. அவர் புல்வெட்டியைக் கவிழ்த்து, கத்தியில் சிக்கிய புல்லை விரலால் எடுக்கத் தொடங்கினார். நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

"கரண்டே இல்ல, எதுக்கு சார் புடுங்குறீங்க?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் வராந்தா மின்விசிறி சுழன்றது. செல்வராசு விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"கொளஞ்சியப்பர் சாமிதான் காப்பாத்திட்டாருங்க."

பிளக் அப்போதும் என் கையில்தான் இருந்தது.

மின்சாரம் திரும்பினாலும், கைப்பிடியை விட்டு மறுபடி பிடித்தால்தான் ஓடும்படி மாற்றப்போகிறேன். அதை எதைக் கொண்டு கட்டுவதாக உத்தேசம் என்று புல்வெட்டும் அன்பர்கள் இப்போதே தெரிவித்துவிட்டால் நல்லது.