சாம்பலை அள்ளாதீர்கள்

நம் நாட்டில் புயல் அடிக்காது என்று வகுப்பில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று அடித்ததும் புயல் இல்லை, நீரிணையைத் தாண்டி வருகிற சுமத்ராக் காற்றுதான் என்று தோட்ட நிர்வாகம் சொன்னது. பெயர் எதுவாக இருந்தாலும், கோலசிலாங்கூருக்கு வடக்கே இருந்த அந்தத் தோட்டத்தின் கீழ் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அது ஒரு வீட்டுக்கும் கூரையை விட்டுவைக்கவில்லை. என் நாட்குறிப்பில் புயல் என்றுதான் எழுதினேன். இன்றுவரை திருத்தவில்லை.

நிர்வாகம் மக்களைப் பத்திரமாக வெளியேற்றியது, தேவாலயம் அதற்கு உதவியது என்றுதான் பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். இப்போதும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி, புரட்டாசி மாதம். விடிகாலையில், ஆட்கள் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் காற்று வந்தது. தகரங்கள் பறந்துபோய்ச் செம்பனை மட்டைகளுக்கு நடுவே செருகி நின்றன. சுவர்ப் பலகைகள் தப்பின. ஆட்களுக்கும் பெரிய சேதமில்லை. எங்கள் பங்குத்தந்தை அன்று மதியமே தேங்காய் லோரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். கீழ் லயத்துச் சனங்களை ஏற்றிவந்து ஊரிலிருந்த தேவாலய மண்டபத்தில் தங்க வைத்தார். அவர்களில் நான்கைந்து குடும்பங்கள்தான் எங்கள் பங்கைச் சேர்ந்தவை. மற்றவர்கள் லயத்துக் கோடியில் இருந்த மாரியம்மன் கோயில்காரர்கள். மண்டபத்தில் அந்த வித்தியாசத்தை யாரும் கேட்கவில்லை.

மாதர் சங்கத்துப் பெண்கள் சமைத்தோம். பெரிய சட்டியில் சோறு, பருப்பு, அதோடு யாரோ பெட்டி பெட்டியாகக் கொடுத்த சாடின் மீன் டின்கள். முதல் பந்தியில் மூன்றாம் வீட்டு அக்கா தட்டைப் பார்த்தார். அவர் செம்பனைத் தோப்பில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். கணவர் இறந்து இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தார்.

"சாமி, புரட்டாசியில சாடின் வச்சி எங்கள சோதிக்கிறீங்களா?"

பங்குத்தந்தை குனிந்து பார்த்தார். "தெரியாம வச்சிட்டாங்க. பருப்பு மட்டும் ஊத்தச் சொல்றேன்."

"ஊத்துங்க. வீடு போச்சேன்னு பெருமாளு கண்ண மூடிக்குவாரு, ஆனா பக்கத்து வீட்டுக்காரி மூடமாட்டாளே."

மண்டபமே சிரித்தது. சாடின் டின்களை அடுக்கி ஓரமாக வைத்தேன்.

மறுநாள் மாதர் சங்கமும் இளைஞர் குழுவும் துடைப்பத்தோடும் வாளியோடும் கீழ் லயத்துக்குப் போயின. யார் எந்த வீடு என்று நான்தான் பிரித்துக் கொடுத்தேன். சேறு, கண்ணாடிச் சில்லு, ஊறிப்போன பாய்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். அடுப்புகளில் சாம்பல் மழையில் கரைந்து கூழாகக் கிடந்தது. அதையும் வழித்துச் சாக்கடைக் காணில் கொட்டினோம். ஒரு வீடு விடாமல் துடைத்துவிட்டுத் திரும்பினோம். வீட்டுக்காரர்கள் யாரும் உடன் இல்லை. களைத்திருக்கிறார்கள், ஓய்வெடுக்கட்டும் என்று மண்டபத்திலேயே விட்டிருந்தோம்.

அதற்கடுத்த நாள் தோட்டக் கிராணி மண்டபத்துக்கு வந்தார். அலுவலகக் கணக்கெழுதுகிறவர், நல்ல மனிதர்தான். பிள்ளைகளுக்கு ஒரு டின் பிஸ்கட் வாங்கி வந்திருந்தார்.

"தொரைக்கு ரொம்ப சந்தோசம் சாமி. நீங்க நல்லா பாத்துக்கறீங்கன்னு சொன்னாரு. வீடெல்லாம் காலி பண்ணிட்டாங்க, அப்ப லயத்த பிரிச்சிடலாம்னு சொல்லிட்டாரு."

மூன்றாம் வீட்டு அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "யாரு காலி பண்ணது?"

"மண்டோரு போயி பாத்தாரும்மா. ஒரு அடுப்புலயும் சாம்பல் இல்ல. எல்லாம் தொடச்சி வச்சிருக்கு."

ஊரில் வளர்ந்த எங்களுக்கு விஷயம் புரியவில்லை. லயத்துப் பெண்கள்தான் விளக்கினார்கள். தோட்டத்தில் ஒரு குடும்பம் வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போகும்போது அடுப்புச் சாம்பலை அள்ளி வெளியே கொட்டும். புதிதாக வருகிறவர்கள் அடுத்தவர் சாம்பலின்மேல் தீ மூட்டமாட்டார்கள். கல்யாணம், சாவு என்று வெளியூர் போகிறவர்கள் சாம்பலை அப்படியே விட்டுப் போவார்கள். அதனால் சாவியை வாங்குமுன், ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் அடுப்பைத்தான் எட்டிப் பார்ப்பார். எந்தச் சட்டத்திலும் இது எழுதியில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் எல்லோரும் அதன்படிதான் நடந்தார்கள், மேலாளரான துரையும் உட்பட.

கீழ் லயத்தை இடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் நிர்வாகத்துக்கு முன்பிருந்தே உண்டு. வெளியிலிருந்து வரும் குத்தகை ஆட்களைக் கொங்சி எனும் பொதுக் கொட்டகையில் படுக்க வைப்பது மலிவு. குடும்பங்களுக்கு வீடு கொடுத்தால் தண்ணீர், விளக்கு, பிள்ளைகளுக்கு மருந்து என்று செலவு. காற்று கூரையை எடுத்தது. மிச்சத்தை எங்கள் துடைப்பம் செய்து கொடுத்தது. வீட்டை விட்டவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் வேலையும் நிலைக்காது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"இப்ப என்னக்கா செய்றது?" என்று கேட்டேன்.

"அடுப்பு எரியணும் டீச்சர். எங்க வீட்டுல, எங்க கையால. உங்க மண்டபத்துல ராசா மாதிரி சாப்பிட்டுக்கிட்டு இருந்தா அங்க செவத்த பிரிச்சிருவாங்க."

பங்குப் பேரவைத் தலைவர் சுங்க இலாகாவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எதையும் யோசித்துத்தான் பேசுவார். பங்குத்தந்தையை ஓரமாக அழைத்தார். நான் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்ததால் பேச்சு காதில் விழுந்தது.

"ஃபாதர், தொரைய பகைச்சிக்காதீங்க. அவரு தோட்டத்து கேட்ட தொறந்து விட்டாத்தான் நமக்கு மாசா மாசம் அங்க பூசை. நாளைக்கு மூடிட்டா?"

"மூடுனா வெளிய நின்னு வைக்கலாம்."

"வெளாட்டு இல்ல ஃபாதர்."

"நானும் வெளாடல. பெரிய சட்டிய கழுவி வைக்கச் சொல்லுங்க. இனிமே இங்க சமையல் இல்ல."

அரிசியையும் பருப்பையும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பச்சையாகவே பிரித்துக் கட்டினோம். விறகுக்குத்தான் வழியில்லை. தோட்டத்தில் மட்டை, கட்டை எல்லாம் நனைந்து கிடந்தன. ஆற்றுக்கு அக்கரையில், பாசிர் பெனம்பாங்கில் மீன் வியாபாரம் செய்யும், தவுக்கே என்று எல்லோரும் அழைக்கும் சீன முதலாளி ஒருவர் பங்குத்தந்தைக்குப் பழக்கம். அவருடைய கொட்டகையில் உடைந்த மீன் பெட்டிகள் கூரை உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. எல்லாம் நன்றாகக் காய்ந்த பலகை. எதற்கு என்று கேட்டார், பங்குத்தந்தை சொன்னார். தவுக்கே தம் ஆட்களையே விட்டு லோரியில் ஏற்றச் சொல்லிவிட்டு, மேலே போட இரண்டு பழைய கென்வஸ் படுதாவும் கொடுத்தார்.

மதியம் லோரி தோட்டத்துக் கேட்டில் போய் நின்றது. பின்னால் மண்டபத்தில் இருந்த எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். காவலுக்கு நின்ற ஜாகா எட்டிப் பார்த்தார்.

"சாமி, இன்னைக்கு பூசையா?"

"இல்ல. சமையல்."

சமையலுக்குக் கேட்டைத் திறக்கக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. திறந்தார்.

கென்வஸை இரண்டாகக் கிழித்தும் போதவில்லை. பிளாஸ்டிக் விரிப்பு, உரச்சாக்கு, செம்பனை மட்டையில் சிக்கிய தகரம் என்று கையில் கிடைத்ததை ஒவ்வோர் அடுப்புக்கும் மேலே இழுத்துக் கட்டினார்கள். பெண்கள் தீ மூட்டினார்கள். நான் விறகு எடுத்துக் கொடுத்ததோடு சரி. எந்த அடுப்பையும் தொடவில்லை. பலகைகளில் ஊறியிருந்த உப்பும் மீனும் சேர்ந்து எரிய, கீழ் லயம் முழுக்கக் கருவாட்டு வாடை கிளம்பியது.

"புரட்டாசி போச்சு," என்றார் அடுத்த வீட்டம்மா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"சட்டியிலதானடி விரதம்? வெறகுக்கு ஏது?" என்று மூன்றாம் வீட்டு அக்கா ஊதிக்கொண்டே சொன்னார்.

புகையைப் பார்த்துவிட்டுத் துரை லேண்ட்ரோவரில் வந்தார். மண்டோர் பின்னால் ஓடி வந்தார். துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாகவே வரும்.

"யாரு இங்க நெருப்பு போட சொன்னது?"

யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் வீட்டு அக்கா அகப்பையால் சோற்றைக் கிளறிவிட்டுத்தான் திரும்பினார்.

"சோறாக்க யாரு தொரை சொல்லணும்?"

"மேல கூரை இல்ல. மழ வந்தா என்ன செய்வ?"

"கூரைய நீங்க போடுங்க. அடுப்ப நாங்க பாத்துக்கறோம்."

துரை பங்குத்தந்தையைப் பார்த்தார். அவர் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து, யாரோ கொடுத்த சோற்றைப் பருப்போடு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். துரை மண்டோர் பக்கம் திரும்பினார்.

"காலின்னு சொன்ன லா?"

மண்டோருக்கும் மேல் லயத்தில் வீடும் அடுப்பும் உண்டு. அவர் வீடு வீடாக நடந்து எட்டிப் பார்த்தார். அவசரப்படவில்லை. திரும்பி வந்து, "ஆளு இருக்கு தொரை," என்றார். "அந்தக் கடைசி ரெண்டு வீட்டத் தவிர."

அந்த இரண்டு வீட்டுக்காரர்கள் காற்றடித்த மறுநாளே மண்டபத்திலிருந்து பத்தாங் காலியில் இருந்த சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். தகவல் சொல்லி அழைத்துவருவதற்குள் அந்த இரண்டையும் பிரித்துவிட்டார்கள். அவர்களுக்காகப் பங்குத்தந்தை எத்தனை முறை அலுவலகப் படி ஏறினார் என்பது எனக்குத் தெரியும். பயனில்லை. இதையும் எழுதாவிட்டால் மற்றதை எழுதி என்ன?

மற்றவர்கள் விரிப்புக்கடியிலேயே இருந்தார்கள். மழை பெய்தது, அடுப்பின்மேல் குடை பிடித்தார்கள். வேலைக்குப் போகும்போது வீட்டுக்கு ஒருவர் தங்கித் தணலைக் காத்தார்கள். ஒரு வழியாக நிர்வாகம் தகரம் ஏற்றிய லோரியை அனுப்பியது. பாதி புதுசு, பாதி ஆணி ஓட்டையோடு பழசு. அதே கீழ் லயத்தில், அதே சுவர்களின்மேல் அடித்தார்கள்.

பேரவைத் தலைவர் சொன்னதும் நடந்தது. அடுத்த மாதப் பூசைக்குக் கேட் திறக்கவில்லை. ஜாகா எங்கள் முகத்தைப் பார்க்காமல், மேலிடத்து உத்தரவு என்றார். பங்குத்தந்தை சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தடியில் மடக்கு மேசையை விரித்தார். தலைவரே மெழுகுவர்த்திக்குக் காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டு நின்றார். தூபக்கலசத்துக்குக் கரி கொண்டுவந்திருந்தேன். ஈரக்காற்றில் தீக்குச்சிகள்தான் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.

அப்போது கேட்டின் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு மூன்றாம் வீட்டு அக்கா வெளியே வந்தார். கையில் ஒரு பழைய டின் மூடி, அதில் சிவந்த தேங்காய்ச் சிரட்டைத் தணல். பின்னால் கீழ் லயத்துப் பெண்கள், எங்கள் பங்கும் மாரியம்மன் கோயிலும் சேர்ந்தாற்போல. ஜாகா தடுக்கவில்லை.

"இந்தாங்க டீச்சர். வீட்டு நெருப்புதான். சாம்பல அடுப்புலயே விட்டுட்டு வந்திருக்கேன்."

தணலைக் கலசத்தில் இட்டேன். பங்குத்தந்தை சாம்பிராணி போட்டார். கூரையை எடுத்த அன்று போலவே காற்று மேற்கிலிருந்துதான் வீசியது. புகை சாலையைக் கடந்து கேட்டுக்குள் போயிற்று.