எதிர்வீட்டில் வைத்த பை

போன வருடம் காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் நடந்தது இது. மயிலாப்பூரில், குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடிக்கு இரண்டே வீடுகள் உள்ள பழைய குடியிருப்பில் இருக்கிறோம். எழுத உட்கார்ந்தால் இப்போதும் காது சூடாகிறது. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கல்யாணமும் தாமதம், குழந்தைகளும் தாமதம். ஏழு வயதில் பையன், நான்கு வயதில் பெண். காடு என்றால் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம், அருவி என்றால் மாடித் தொட்டி நிரம்பி வழிவது என்று வளர்கிற குழந்தைகள். ஒரு முறையாவது இவர்களை நிஜமான மழைக்காட்டுக்குள் நிறுத்திவிட வேண்டும், இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் இவர்கள் பின்கழுத்தில் விழ வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

மூன்றே நாள் பயணம். அதற்காக மாதக்கணக்கில் திட்டம் போட்டேன். கேரள மலையில் ஓடைக்கரை வீடு ஒன்று. அந்தக் குடும்பமே ஓர் அறையை வாடகைக்கு விடுகிறது. ஜன்னலுக்கு வலை உண்டா, ஓடை எவ்வளவு ஆழம், காரமில்லாமல் சமைப்பார்களா, மலை வளைவில் வாந்தி வந்தால் வண்டியை நிறுத்த இடம் இருக்கிறதா என்று வீட்டுக்காரரைப் போனில் துளைத்தெடுத்தேன். கொல்லை அத்திமரத்துக்குக் காலையில் இருவாச்சிப் பறவை வரும் என்றார் அவர். அன்றிலிருந்து பையன் அட்டையில் பெரிய அலகு செய்து மூக்கில் கட்டிக்கொண்டு திரிந்தான். தி. நகரில் மழைக்கோட்டு வாங்கினோம். அன்று இரவே இரண்டும் அதைப் போட்டுக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே தூங்கின. அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க முழங்கால்வரை காலுறை தைத்தேன்.

"அம்மா, அட்டைக்குப் பசிக்கும்ல? கொஞ்சமா குடிச்சா என்ன?" என்றாள் சின்னவள்.

அந்தச் சின்னவளுக்குத்தான் வீசிங். இரண்டு வயதில் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்து மீண்டவள். டாக்டரிடம் கேட்டேன். "மருந்தும் மெஷினும் கையோட இருந்தா தாராளமா போங்க" என்றார். மருந்தை ஆவியாக்கித் தரும் அந்தச் சின்ன மெஷின், முகமூடி, இன்ஹேலர், எல்லாவற்றையும் மறந்துவிடக் கூடாதென்று முதல் வேலையாக நீலப் பையின் அடியில் வைத்தேன். மேலே குழந்தைகளின் துணி.

ரயில் வெள்ளிக்கிழமை சாயங்காலம். டிக்கெட் எடுத்தபோது வாயைத் திறக்காத என் கணவர் புதன்கிழமை பஞ்சாங்கத்தைத் திறந்தார். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அந்தத் திசையில் கிளம்பக் கூடாதாம்.

"வெல்லத்த வாயில போட்டுண்டு கெளம்பினா போறாதா?" என்றேன்.

"கொழந்தைகளோட போறோம். வெளையாட்டு இல்ல."

இதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது, பரஸ்தானம். நல்ல நேரத்தில், பயணத்துக்கான பை ஒன்றை முன்கூட்டியே வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால், நாம் அப்போதே கிளம்பிவிட்டதாக அர்த்தம். புறப்படும்போது அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நடுவில் அது வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

வியாழக்கிழமை காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் நீலப் பை எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே தனியாக இருப்பவர் ஓய்வுபெற்ற டீச்சர், சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் எங்கள் வீட்டு நம்பிக்கைகளை மரியாதையோடு கேட்டுக்கொள்பவர்.

"அதுல மருந்து இருக்கு" என்று கத்தினேன்.

"எதிர்வீடுதானே. வேணும்னா எடுத்துண்டா போச்சு."

நம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை சின்னவள் இருமினாள். நெஞ்சில் காதை வைத்தேன். உள்ளே மெல்லிய விசில். எதிர்வீட்டில் குக்கர் சத்தம் கேட்டது. டீச்சர் இருந்தார். நான் எழுந்தேன். கணவர் வாசலில் குறுக்கே வந்து நின்றார்.

"பை ஆத்துக்குத் திரும்பி வரப்படாது. சாதாரண ஜலதோஷம். ஆவி பிடிச்சா சரியாப் போயிடும்."

"பை வேண்டாம். மெஷின மட்டும் எடுத்துண்டு வரேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். கொஞ்சம் பொறு."

அந்தக் கொஞ்சத்தை நான் பொறுத்தேன். அதுதான் என்னை இன்றுவரை எரிக்கிறது. வெந்நீர் வைத்து, போர்வையை மூடி, குழந்தையை மடியில் இருத்தி ஆவி காட்டிக்கொண்டிருந்தபோது, டீச்சர் படியிறங்கிப் போகும் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

மதியத்துக்குள் விசில் கூடியது. கதவைத் திறந்து பார்த்தால் எதிரே பூட்டு. போன் செய்தேன். பூட்டிய கதவுக்கு உள்ளிருந்து மணி அடித்தது. போனை மறந்து வைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாமென்று பாலவாக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவள் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து எழுந்தது. அழுகையை நிறுத்திவிட்டாள். அழவும் மூச்சு வேண்டுமே. தெருமுனை மருந்துக்கடை மதியச் சாப்பாட்டுக்கு அடைத்திருந்தது. மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட தெருவுக்குள் வர முடியாதென்று கார்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கைவிரித்தார்கள். ஆட்டோ பிடிக்கக் கணவர் ஓடினார்.

நான் சமையலறைக்குள் போய் அம்மிக் குழவியைத் தூக்கினேன்.

பழைய கதவு, நாதாங்கியில் தொங்கும் பூட்டு. முதல் அடியைப் பூட்டின்மேல் போட்டேன். அடுத்த அடி யார்மேல் விழுந்ததென்று எனக்கே தெரியாது. பஞ்சாங்கத்தின்மேல், வெள்ளிக்கிழமையின்மேல், மேற்குத் திசையின்மேல், வாசலில் குறுக்கே நின்ற அந்த உடம்பின்மேல், பொறுத்துக்கொண்ட என்மேல். மரம் விரிந்து, திருகாணிகளோடு நாதாங்கி பெயர்ந்து விழுந்தது.

உள்ளே, இயேசு படத்துக்குக் கீழே, சின்னச் சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் நீலப் பை இருந்தது. தரையில் வைக்காமல், நாற்காலியில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வைத்திருந்தார். துணியோடு வாரி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முகமூடிக்குள் வெள்ளை மூட்டம் நிறைந்தது. மழைக்காட்டில் இவளுக்குக் காட்ட நினைத்த பனிமூட்டம் இப்படி வந்து சேர்ந்தது. மெல்ல, மிக மெல்ல, தோலின் குழிகள் ஆழம் குறைந்தன. பையன் அலகைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். "பை திரும்பி வந்துடுத்தே, நாம போக மாட்டோமா?" என்று கேட்டான்.

கணவர் படியேறி வந்தார். பின்னாலேயே ஆட்டோக்காரர். கணவரின் கண் முதலில் விழுந்தது கட்டிலில் கிடந்த பையின்மேல், பிறகுதான் குழந்தைமேல்.

"பைய எடுத்துண்டு வந்துட்டியா?"

நான் என்ன சொல்லியிருப்பேனோ, ஆட்டோக்காரர் முந்திக்கொண்டார். "இன்னா சார், பையப் பாத்துக்கினு கீற. கொயந்தையத் தூக்கு."

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ரயில் எங்களை விட்டுவிட்டு மேற்கே போனது.

பெயர்ந்து கிடந்த கதவைப் பார்த்து டீச்சர் திட்டினார். பூட்டுக்காக இல்லை. "துணின்னு சொல்லித்தானே தம்பி குடுத்தீங்க? துணியத்தான் பூட்டி வெச்சிட்டுப் போனேன். மருந்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாசலைவிட்டு நகர்ந்திருப்பேனா?" என்று சொல்லிக்கொண்டே அழுதார். புது நாதாங்கி போட்ட அன்று மாற்றுச்சாவியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "இனிமே ஒடைக்காத, தொறந்துக்கோ."

கணவருடையது பயம்தான், எனக்குத் தெரியும். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அன்று விடிய விடிய நின்றவர் அவர். ஆனால் அவருடைய பயத்துக்குத் தீனியாக என் குழந்தையின் மூச்சைத்தான் போட வேண்டுமா?

அரையாண்டு விடுமுறையில் போனோம். வேண்டுமென்றே வெள்ளிக்கிழமை டிக்கெட் எடுத்தேன். நீலப் பை என் தோளைவிட்டு இறங்கவில்லை. ரயில் நகர்ந்ததும் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ வாயில் போட்டுக்கொண்டார். வெல்லம். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். அத்திமரத்துக்கு இருவாச்சி வந்தது. அது பறந்தபோது காற்றைக் கிழிக்கும் சத்தம் கேட்டுச் சின்னவள், "அம்மா, அதுக்கும் வீசிங்கா?" என்றாள்.

பழைய திருகாணிகள் பிடுங்கிய ஓட்டைகள் எதிர்வீட்டுக் கதவில் அப்படியே இருக்கின்றன; என் வாசலைத் திறந்தால் நேரே கண்ணில் படுகின்றன. என் கோபம் ஆறவில்லை, ஆற்றிக்கொள்ளவும் விருப்பமில்லை. என் குழந்தைக்கு மூச்சு முட்டும்போது இன்னொரு முறை யாராவது "கொஞ்சம் பொறு" என்றால், என் கை தயங்காமல் குழவியைத் தூக்க அந்தக் கோபம் எனக்கு வேண்டும்.