வெற்றுக் குழாயில் இருந்த மணம்

இக்கட்டுரையில் நான் நேரில் கண்டவற்றையும், காதால் கேட்டவற்றையும், கையால் அளந்தவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். பிறர் சொல்ல அறிந்தவை பல உண்டு. அவற்றுள் சில உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் சரிபார்க்க இயலாத எதையும் சேர்க்கவில்லை. என் தோழி ஒருத்தி தன் வேலையை இழந்தது எவரும் சரிபார்க்காத ஒரு பேச்சினால்தான். அதைப் பற்றி எழுதப் புகும் நானும் அதே வழியில் செல்வது முறையன்று. பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். உரையாடல்களை நினைவில் நின்ற அளவுக்கே தந்திருக்கிறேன். நில்லாதவற்றை இட்டு நிரப்பவில்லை.

நான் மயிலாப்பூரில் வசிப்பவள். அடையாற்றில் உள்ள ஓர் ஆய்வகத்தில் பூச்சிகளின் மோப்பத்தை ஆராய்வது என் தொழில். கத்தரிக்காயை நறுக்கும் எவரும் அதனுள் நெளியும் வெளிறிய புழுவைக் கண்டிருப்பர். அப்புழுவே பின்னர்ச் சிறியதோர் அந்துப்பூச்சியாகிறது. பெண் பூச்சி இருட்டில் பறந்து, முட்டையிடத் தக்க செடியை மணத்தால் கண்டுகொள்கிறது. அது எந்த மணத்தை நாடுகிறது, எதை விலக்குகிறது என்பதே எங்கள் கேள்வி.

அக்கேள்வியைக் கேட்கும் முறை சற்றுக் கொடியது. பூச்சியைப் பனிக்கட்டியில் வைத்து மயக்கி, தலையிலுள்ள உணர்கொம்பு ஒன்றைத் துண்டிப்போம். உப்புநீர் நிரம்பிய இரண்டு நுண்ணிய கண்ணாடிக் குழல்களுக்கிடையே அதைப் பொருத்தினால், உடலைப் பிரிந்த பின்னும் அது சிறிது நேரம் உயிரோடு இருக்கும். அதன்மேல் தூய காற்று இடையறாது வீசிக்கொண்டிருக்கும். அக்காற்றில் ஒரு மணத்தைக் கலந்து ஊதினால், திரையில் ஓடும் கோடு சட்டென்று கீழிறங்கி மீண்டும் மேலேறும். கொம்பு முகர்ந்துவிட்டது என்பது அதன் பொருள். ஒவ்வொரு மணத்துக்கு முன்னும் பின்னும் வெற்றுக் குழாய் ஒன்றின் வழியாகவும் ஊத வேண்டும். அதில் மணம் ஏதுமற்ற வடிதாள் துண்டு மட்டுமே இருக்கும். காற்று மோதுவதால் உண்டாகும் மெல்லிய நடுக்கத்துக்கு மேல் அப்போது கோடு அசையலாகாது. அசைந்தால் மற்ற அளவுகள் அனைத்தும் வீண்.

ஆதலால் எங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. பூச்சூடி வரக்கூடாது. தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர், நெற்றிக்குச் சந்தனம், மணமுள்ள சோப்பு எதுவும் கூடாது. மயிலாப்பூரில் வாழ்ந்துகொண்டு பூச்சூடாதிருப்பது எளிதன்று. உறவினர் திருமணம் ஒன்றுக்குப் புறப்பட்டபோது என் மாமியார் கேட்டார்:

"இன்னிக்காவது ஒரு முழம் வச்சுக்கப்படாதா? பாக்கறவா என்ன நினைச்சுப்பா?"

"நாளைக்குக் காலம்பற ஆய்வு இருக்கும்மா. தலையில வாசனை நிக்கும்."

"பூச்சிக்குப் பிடிக்காதுன்னு பூவை விட்டவ லோகத்துலேயே நீ ஒருத்திதான். ஆம்படையானுக்குப் பிடிக்காதுன்னா விட்டிருப்பியோ?"

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பூ வைக்கவில்லை.

என் தோழி திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் உருது, வெளியில் தமிழ். அவள் தந்தைக்குப் பள்ளிவாசல் அருகே அத்தர்க் கடை. கடைக்கு மேலேயே வீடு. எங்களுள் மிகுந்த கவனம் உடையவள் அவளே. காலையில் வந்ததும் ஆய்வகக் குளியலறையில் தலை முழுகுவாள். ஆய்வகத்திலேயே துவைத்து உலர்த்திய பருத்தி உடையை அணிந்த பின்னரே அறைக்குள் நுழைவாள். வீட்டிலிருந்து அணிந்து வந்த உடையை மூடியுள்ள டப்பாவில் அடைத்து வெளியே வைப்பாள். மழைக்காலத்திலும் இதில் மாற்றம் இருந்ததில்லை. இதை நான் நாள்தோறும் கண்டிருக்கிறேன்.

பூச்சிகளை வளர்க்கப் புழுவுள்ள கத்தரிக்காய் வேண்டும். மருந்து தெளித்த காயில் புழு வாழாது. தியாகராய நகர்ச் சந்தையில் நாங்கள் இருவரும் குந்தி உட்கார்ந்து சொத்தைக் காய்களைப் பொறுக்கியபோது கடைக்காரப் பெண்மணி பொறுமையிழந்தார்.

"இன்னாம்மா இது? அல்லாரும் நல்ல காயா தேடிக்கினு கீறாங்க, நீங்க ரெண்டு பேரும் சொத்தையா பொறுக்கிக்கினு கீறீங்க?"

"எங்களுக்கு இல்லக்கா, பூச்சிக்கு வாங்குறோம்" என்றாள் தோழி.

"அப்ப துட்டு யாரு, பூச்சி குடுக்குமா?"

அவள் அன்று பேருந்தில் வீடு திரும்பும் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவளுடைய வேலை திட்டப்பணி. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். நிரந்தரப் பணிக்கான நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பணிக்கு வயது வரம்பு உண்டு. அவளுக்கு அது கடைசி வாய்ப்பு. ஆனால் அவளிடம் காட்டுவதற்கு ஒன்று இருந்தது. கத்தரிப் புழு காயை மட்டுமன்றிச் செடியின் தண்டையும் துளைக்கும். ஏற்கெனவே துளைபட்ட தண்டின் மணத்தைப் பெண் பூச்சியின் கொம்பு பிரித்தறிகிறது என்று அவளுடைய அளவுகள் காட்டின. இடமில்லாத வீட்டின் கதவை வாசலிலேயே முகர்ந்து திரும்பிச் செல்வது போன்றது அது. இரு பருவங்கள் உழைத்து அவள் கண்டது. நான் உடனிருந்து உதவினேன், கண்டவள் அவள்.

நேர்காணலுக்குமுன் சில அளவுகளை மீண்டும் எடுத்துக்கொண்டிருந்தோம். அப்போது அவள் என்னை அழைத்தாள்.

"அக்கா, இங்க வாங்க. வெத்துக் குழாய் பேசுது."

திரையைப் பார்த்தேன். கோடு இறங்கியிருந்தது. வடிதாளை மாற்றினோம், மீண்டும் இறங்கியது. வேறொரு பூச்சியின் கொம்பைப் பொருத்தினோம், அசையவில்லை. மூன்றாவதில் மறுபடியும் இறங்கியது. எப்போது தொடங்கியது என்றறியப் பழைய அளவுகளைப் புரட்டினோம். முன்பு நடுக்கம் என்று கருதி விட்டவற்றுள் சில, இப்போது பார்க்கையில் நடுக்கமாகத் தோன்றவில்லை. அன்று மாலையே துறைத்தலைவரிடம் சென்று சொன்னவள் அவள்தான். மறைக்கலாம் என்ற எண்ணம்கூட அவளுக்கு எழவில்லை.

மறுநாள் நடைவழியில் இளம் ஆய்வாளர்கள் இருவர் பேசியது என் காதில் விழுந்தது.

"அத்தர் கடையையே கூட்டிட்டு வந்து உக்கார வச்சா, பூச்சி பாவம் என்னதான் பண்ணும் மச்சி?"

"டேய், மெதுவா பேசுடா."

கை கழுவும் தொட்டியருகே ஈரத்தலையோடு நின்றிருந்தாள் அவள். குழாயை மூடாமல், தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துறைத்தலைவர் கடுமையானவர் அல்லர். "கொஞ்ச நாள் வீட்டுல இருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று அவளிடம் கனிவாகவே சொன்னார். அவள் விடுப்பில் சென்றாள். அச்சமயம் என் வீட்டில் மாமனாரின் திவசம், நானும் சில நாள் செல்லவில்லை. திரும்பிச் சென்று பார்த்தபோது ஆய்வறை வேறாக இருந்தது. காற்றுக் குழாய்கள் அனைத்தும் புதியவை. காற்றை வடிகட்டும் கரி புதியது. கண்ணாடிக் கலங்கள் உலையில் சுடப்பட்டிருந்தன. தரையும் சுவரும் கழுவப்பட்டிருந்தன. பழைய குழாய்கள் குப்பை வண்டியில் போய்விட்டன.

"பாருங்க மேடம், கோடு நூல் பிடிச்ச மாதிரி போகுது" என்று இளம் ஆய்வாளர்கள் காட்டினர். உண்மைதான். வெற்றுக் குழாய் அமைதியாகிவிட்டது.

மணத்தை ஆராய்வோரிடம் மட்டுமே காணக்கூடிய பிழை இது. மாசு என்று கேட்டவுடன் எங்கள் கை தானாகத் துடைக்கத் தொடங்கிவிடும். சூடான பாத்திரத்தைத் தொட்ட விரல் பின்னுக்கு வருவதைப்போல, அதில் யோசனைக்கு இடமில்லை. குழாய்களை முதலில் மாற்றி, அவளை இருக்கச் செய்து பார்த்திருக்கலாம். அல்லது அவள் இல்லாதபோது பழைய குழாய்களைக் கொண்டே ஊதிப் பார்த்திருக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியதால், எதனால் மணம் நீங்கியது என்று சொல்லும் வழி அடைபட்டது. ஆயினும் ஆய்வகத்தில் அனைவரும் ஒன்றையே படித்தனர்: அவள் போனாள், மணமும் போயிற்று.

துறைத்தலைவரிடம் சொன்னேன்.

"சார், ரெண்டையும் ஒண்ணா மாத்திட்டோம். எதனால போச்சுன்னு இனிமே சொல்ல முடியாது."

"போச்சு இல்ல? அது போதாதா மேடம்?"

"அவங்க பேரு கெடுதே சார்."

"நான் அவங்கள ஒரு வார்த்தை குறை சொல்லலையே. யாரும் எங்கயும் எழுதவும் இல்லையே."

அதுவும் உண்மை. எவரும் குற்றம் சாட்டவில்லை. சாட்டப்படாத குற்றத்தை மறுக்க முறை ஏதுமில்லை.

திருவல்லிக்கேணிக்குச் சென்றேன். கீழே கடையில் அவள் தந்தை சிறு கண்ணாடிக் குப்பிகளில் அத்தரை ஊற்றிக்கொண்டிருந்தார். தலையசைத்து மாடிக்குப் போகச் சொன்னார். தேநீர் தந்துவிட்டு அவள் எதிரே அமர்ந்தாள். நான் ஒரு சோதனையைச் சொன்னேன். ஆய்வறையில் அவள் அணியும் உடையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, குழாயில் வைத்து ஊதிப் பார்ப்பது.

"என் துணிய பூச்சிக்கு மோந்து பாக்கக் குடுக்கணும்ங்கறீங்க."

"ஒரு துண்டு போதும். கோடு அசையலைன்னா பேச்சு முடிஞ்சுது."

"அசைஞ்சா?"

நான் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தேன்.

"எல்லாரோட துணியையும் வைங்க அக்கா. சாரோட சட்டையையும் வைங்க. அப்ப என்னுதையும் வெட்டித் தரேன். என்னுது மட்டும்னா தர மாட்டேன்." என் குவளையை எடுத்துக்கொண்டு எழுந்தபடி சொன்னாள்: "பூச்சி சர்டிபிகேட் குடுத்தாதான் நான் சுத்தம்னா, அந்த வேலை எனக்கு வேணாம்."

அவள் கேட்டதில் ஆய்வுமுறைப்படியும் பிழையில்லை. ஒருவரை மட்டும் சோதிப்பது சோதனையே அன்று. ஆய்வகத்தில் ஒவ்வொருவரிடமும் துணி கேட்டேன். "நாங்க எதுக்கு மேடம்?" என்றார் ஒருவர். இன்னொருவர் சிரித்துவிட்டு வெளியே போனார். எவரும் தரவில்லை. என் ஆய்வுடையின் ஓரத்தை நானே வெட்டி, குழாயில் வைத்து ஊதினேன். சில கொம்புகளுக்குக் கோடு இறங்கியது, சிலவற்றுக்கு அசையவில்லை. பேசிய வெற்றுக் குழாயும் அவ்வாறே இருந்தது என்பது என் நினைவு. துறைத்தலைவரை அழைத்துக் காட்டினேன்.

"துணின்னா சோப்பு வாசனை இருக்கத்தான் செய்யும் மேடம். இதுல என்ன இருக்கு?" என்றார்.

என் துணிக்கு அது விளக்கமாயிற்று. அவள் துணிக்கு அதுவே தீர்ப்பாகியிருக்கும்.

அவளுடைய இரு பருவத்து அளவுகளும் ஒதுக்கப்பட்டன. அது சரியே, வெற்றுக் குழாய் பேசிய பின் அவற்றை நம்ப இயலாது, நானும் அவ்வாறே செய்திருப்பேன். அவள் வெறுங்கையோடு நேர்காணலுக்குச் சென்றாள். தேர்வாகவில்லை. திட்டம் முடிந்தது. தன் பொருள்களை எடுத்துக்கொள்ள அவள் வந்த நாளில் நான் அங்கிருந்தேன். துணி டப்பாவை எடுத்துக்கொண்டாள். மணமற்ற சோப்புத் துண்டை விட்டுச் சென்றாள். "அக்கா, பூச்சிங்களுக்குக் காய் வாங்க மறந்துடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அன்று அவள் தலையில் மல்லிகை இருந்தது. அவள் பூச்சூடி நான் கண்டது அதுவே முதல் முறை.

பின்னர் நான் தனியே, புதிய குழாய்களைக் கொண்டு, அவளுடைய அளவுகளை மீண்டும் எடுத்தேன். துளைத்த தண்டின் மணத்துக்குக் கொம்பு சில நாள் மறுமொழி தந்தது. பல நாள் தரவில்லை. பூச்சிகளின் தலைமுறைகள் மாறிவிட்டன, பருவமும் மாறிவிட்டது. அவள் கண்டது உண்மையா, அல்லது அந்த வேற்று மணத்தின் நிழலா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அவளுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "சரிக்கா" என்றாள். அதன்பின் நான் அழைத்தபோதெல்லாம் மணி ஒலித்து ஓய்ந்தது.

நான் இன்னும் அதே ஆய்வகத்துக்குத்தான் போகிறேன். காலையில் பேருந்தில் அமர்ந்திருக்கும்போது முன்னிருக்கைப் பெண்களின் கூந்தலிலிருந்து வரும் மணத்தை முகர்ந்துகொண்டு, இந்த வேலை எதற்கு என்று நினைக்கிறேன். நினைத்தபடியே போய்ச் சேர்ந்து, பூச்சியைப் பனிக்கட்டியில் வைக்கிறேன். கொம்பைத் துண்டிக்கிறேன். கோடு ஓடுகிறது; சிறிது நேரத்தில் கொம்பு இறந்துவிடுகிறது. ஒரு காலத்தில் அதன் ஒவ்வோர் அசைவையும் ஒரு சொல்லைப்போல் படித்தேன். இப்போது கோடு இறங்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியில்லை. இது எவருடைய மணம் என்ற ஐயமே முதலில் எழுகிறது. புதிதாக வந்தவர்கள் என்னைவிட விரைவாக வேலை செய்கிறார்கள். அவர்களிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை.

மாசு எங்கிருந்து வந்திருக்கலாம் என்று எண்ணிப் பார்த்ததுண்டு. எங்கள் குழாய்களுக்குக் காற்றை அனுப்பும் அழுத்த எந்திரம் கீழ்த்தளத்துப் பட்டறையில் இருந்தது. ஆயுத பூசைக்கு அதற்கும் சந்தனம் பூசிச் சாம்பிராணி காட்டினார்கள், அதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கோடு முதலில் இறங்கியது அதற்கு முன்பா பின்பா என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. குழாய்களே மணத்தை உமிழ்ந்திருக்கலாம். என் கையாகவும் இருக்கலாம். அவளாகவும் இருக்கலாம், அன்புக்காக அதை நீக்கிவிட எனக்கு உரிமையில்லை. இவற்றுள் ஒன்றையும் இனிச் சோதிக்க முடியாது.

வெற்றுக் குழாயில் இருந்த மணம் எது, எவரிடமிருந்து அல்லது எதிலிருந்து வந்தது என்பது தெரியாது. பெண் பூச்சி துளைபட்ட தண்டை மணத்தால் அறிகிறதா என்பது தெரியாது. அவள் இப்போது என்ன செய்கிறாள் என்பதும் எனக்குத் தெரியாது.