ராட்டினத்தின் அடியில் ஒரு முகூர்த்தம்

எங்கள் தொழிற்சாலையில் சில மாதங்களுக்கு ஒரு முறை தீ மணி அடிப்பார்கள். தீ ஒன்றும் இருக்காது. தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று ஆட்களைப் பழக்குவதற்காக அடிக்கிற மணி அது. மணி கேட்டதும் கையிலுள்ள வேலையை வைத்துவிட்டு வரிசையாக மைதானத்துக்கு வர வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டும் அரட்டை அடித்துக்கொண்டும் நடந்துதான் வருவார்கள். நடுவழியில் நின்று தண்ணீர் பிடித்துக் குடிப்பவர்களும் உண்டு. நான் மட்டும் ஓடுவேன். மலேசியாவுக்கு வந்து இத்தனை வருடமாகியும், பொய் மணி என்று தெரிந்தும், கால் சொன்னபடி கேட்காது. மைதானத்தில் முதல் ஆளாய் மூச்சு வாங்க நிற்பேன். என் அறைத்தோழன் பகதூர், நேபாளத்துக்காரன், எல்லோருக்கும் கடைசியாக வந்து என் தோளில் தட்டி, "அண்ணாச்சி ஃபர்ஸ்ட்டு" என்பான். அண்ணாச்சி என்ற சொல்லை அவன் என்னிடம்தான் கற்றுக்கொண்டான்.

நான் ஏன் ஓடுகிறேன் என்று கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் அக்கா சின்ன வயதிலேயே தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனவள். ஒரு நாள் தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற அறையில் தீப்பிடித்துவிட்டது. அந்தக் காலத்தில் அங்கே மணி ஏது? உள்ளே இருந்த பெண்கள் மொத்தமாக அலறிய சத்தம்தான் எங்களுக்கு மணி. பள்ளிக்கூடத்தில் இருந்த நாங்கள் கேட்டோம், தெருவில் இருந்தவர்கள் கேட்டார்கள், உழவில் இருந்தவர்கள் மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அக்கா கரிசல் காட்டு வரப்பில், ஈரச்சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "ஏலே, புத்தகப் பையை எங்க போட்டே?" என்றுதான் என்னைக் கேட்டாள். அவளுடைய வலது முழங்கைத் தோல் இன்றைக்கும் சுருங்கித்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் நாலு பேர் சேர்ந்து அலறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தத்தோடுதான் நானும் கப்பல் சரக்கு கட்டுகிற இந்தத் தேசத்துக்கு வந்தேன்.

ஜொகூர் மாநிலத்தில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் எனக்கு வேலை. கட்டில், அலமாரி இவற்றைத் துண்டு துண்டாக அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கட்டுகிற பிரிவு. அந்த வருடம் தை மாதத்தில் அக்கா மகள் முத்துச்செல்விக்குக் கல்யாணம் வைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பெண்ணைக் கைபிடித்து மணமேடைக்கு அழைத்துப் போவது தாய்மாமன். மேடைக்குக் கீழே நிறுத்தி, "போ தாயி, போயி உக்காரு" என்று அவன் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பெண் படியேறும். தாலி ஏறுகிற வரை மாமன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான்.

விடுப்பு கேட்டேன். பெரிய சரக்கு ஒன்று கப்பலேற வேண்டியிருந்தது. அது போகிற வரை யாருக்கும் விடுப்பு இல்லை என்றார்கள். அக்காவிடம் போனில் சொன்னேன். "சோலிதான்லே முக்கியம். இங்கன நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள். முத்துச்செல்விதான் விடவில்லை. போனைப் பிடுங்கி, "மாமா, ஒங்க சித்தப்பா மவன் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகட்டும். ஆனா வாக்கு நீங்கதான் சொல்லணும். போன்ல சொல்லுங்க. சொல்லாம நான் படியேற மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்றாள். அப்படியே ஏற்பாடாயிற்று.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே சரக்கு கப்பலேறிவிட்டது. எல்லோரும் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்ததில் முன்னாலேயே முடிந்துவிட்டது. அப்போது நான் மறுபடியும் போய்க் கேட்டிருக்க வேண்டும். அலுவலக வாசல் வரைக்கும் போனேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மேலாளர் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு தடவை இல்லை என்று சொன்னவரிடம் எப்படி இன்னொரு தடவை போய் நிற்பது என்று தோன்றியது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அப்படித்தான். கடையில் மீதிச் சில்லறையைக்கூட வாய்விட்டுக் கேட்க மாட்டேன். திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். சரக்கை முன்னதாக முடித்துக் கொடுத்ததற்காக எல்லோருக்கும் ஒரு நாள் உல்லாசப் பயணம். கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. மதியச் சாப்பாடு கம்பெனி செலவு. தேதியைப் பார்த்தேன். முத்துச்செல்வியின் முகூர்த்த நாள்.

அறையிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். விடியற்காலையில் எங்கள் மேற்பார்வையாளர் ரோஹானா அறைக் கதவைத் தட்டினார். என்னைவிட மூத்தவர். அக்காவை இங்கே காக் என்பார்கள், அதனால் எல்லோருக்கும் அவர் காக் ரோஹானா. உடம்பு சரியில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு மலாய் போதாது. கம்பெனி கொடுத்த மஞ்சள் பனியன் ஒன்றைக் கையில் திணித்தார். போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டேன். பேருந்தில் எல்லோரும் பாடினார்கள். நான் கைப்பேசியை மடியில் வைத்து, அதில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அக்காவிடம் இந்தப் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் மண்டபத்தில் வருகிறவர்களிடமெல்லாம், தம்பிக்கு லீவு கிடைக்கல, ராப்பகலா வேல பாக்கான் என்று சொல்லிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

பூங்காவைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. ஆனால் நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. ஊர்க் கடிகாரத்தைவிட இங்கே இரண்டரை மணி நேரம் முந்தி. அங்கே காலை முகூர்த்தம், எனக்கு மதியச் சாப்பாட்டு வேளை. சாப்பாட்டுக் கூடம் பெரிய கொட்டகை போல, பக்கங்கள் திறந்து இருந்தது. நீளமான மேஜையில் சோறு, கோழி, மீன், தர்ப்பூசணி என்று வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லோரும் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். எடுக்காவிட்டால் காரணம் கேட்பார்களே. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு தொடாமல் உட்கார்ந்திருந்தேன். "சூடா மாக்கான்?" என்று காக் ரோஹானா வந்து கேட்டார். சாப்பிட்டாயா என்பது. இந்த ஊரிலும் மனிதர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். "பெலும்" என்றேன், இன்னும் இல்லை. அவர் என் தட்டைப் பார்த்தார், என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். தலையில் தட்டிக்கொண்டு போய், வெறும் கீரையும் காயுமாக வேறொரு தட்டு கொண்டுவந்து வைத்தார். இறைச்சியால்தான் நான் சாப்பிடவில்லை என்று நினைத்துவிட்டார். இப்போது என் முன்னால் இரண்டு தட்டுகள்.

கைப்பேசி அடித்தது. நாதஸ்வரச் சத்தம்தான் முதலில் காதுக்கு வந்தது. அதற்கு மேல் அக்காவின் குரல். "தம்பி, பொண்ணு மேடைக்கிட்ட வந்துட்டா. இந்தா, அவகிட்ட குடுக்குதேன். எல்லாருக்கும் கேக்குதாப்புல உங்க அத்தான் சத்தமா வச்சிருக்காவ. தெளிவாச் சொல்லு." பிறகு முத்துச்செல்வி, "மாமா" என்றாள். "போ" என்று வாயெடுத்தேன். அந்த நேரம் கொட்டகைக்கு மேலே வளைந்து போகிற தண்டவாளத்தில், அதுவரை ஓடாமல் நின்ற ராட்சத ராட்டினத்தின் வண்டி தலைகீழாக வந்தது. அதில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

எனக்கே ஓடக் கால் எழுந்துவிட்டது. அப்படியானால் அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்? அடுத்த நொடி அக்கா கத்தினாள். "ஏலே தம்பி! என்னலே அது? எரியுதா? ஆபீஸ் எரியுதா? எதையும் எடுக்காதலே, வெளிய ஓடிரு, ஓடிரு!" யாரோ பெண்கள் "ஐயோ" என்றார்கள். நாதஸ்வரம் நின்றுவிட்டது. மேளக்காரர் மட்டும் என்னவென்று தெரியாமல் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மணமேடைக்குக் கீழே பிள்ளை நின்றுகொண்டிருந்தது. இனி மறைக்க முடியாது.

"தீ இல்லக்கா" என்றேன். "ஒண்ணும் இல்லக்கா. இது ராட்டினம்."

"என்னது?"

"ராட்டினம்க்கா. அதுல இருக்கவிய சந்தோசத்துல கத்துதாவ. கம்பெனியில எல்லாரையும் டூர் கூட்டியாந்திருக்காவ. இங்கன சாப்பாடு நடக்கு."

மண்டபம் முழுவதும் கேட்டிருக்கும். தூரத்திலிருந்து ஒரு ஆண் குரல், "தாய்மாமனுக்கு லீவு இல்லைன்னாவ, அங்கன பொருட்காட்சியில்லா பாத்துக்கிட்டு இருக்காரு!" என்றது. நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் வருத்தமில்லை. அது எனக்கு வர வேண்டியதுதான். அக்கா என்ன சொல்லப் போகிறாள் என்றுதான் காதை அழுத்திப் பிடித்திருந்தேன். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "ஒனக்கு ஒண்ணும் ஆகலேல்லா?" என்றாள். "இல்லக்கா." "கை காலு?" "நல்லா இருக்குக்கா." "செரி. பிள்ளைகிட்ட சொல்லு. நேரமாவுது." அவ்வளவுதான். ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்று ராத்திரி நான் தூங்கியிருப்பேன்.

முத்துச்செல்வியின் குரல் வந்தது. "மாமா, நீங்க அதுல ஏறுனீயளா?" "இல்ல தாயி." "பயமா?" என்று கேட்டுச் சிரித்தாள். கல்யாணப் பெண் சிரிக்கிறாளே என்று யாரோ அதட்டினார்கள். "போ தாயி" என்றேன். "போயி உக்காரு." வளையல் சத்தம் கேட்டது. நாதஸ்வரம் மறுபடி எடுத்தது. யாரும் போனை அணைக்கவில்லை. கெட்டிமேளம் முழங்கும் வரை அந்த மஞ்சள் பனியனோடு எழுந்து நின்றுகொண்டே கேட்டேன். இடையில் தண்டவாளத்தில் வண்டி இன்னும் ஒரு தடவை வந்தது. கைப்பேசியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

உட்கார்ந்தபோது காக் ரோஹானா எதிரில் இருந்தார். என் கண்ணைப் பார்த்துவிட்டார். சாவா, யாருக்கு என்று சைகையில் கேட்டார். மருமகளுக்கு மலாயில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. "ஆனாக் கஹ்வின்" என்றேன், பிள்ளைக்குக் கல்யாணம். எப்போது என்றார். இப்போது என்றேன். அவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டார். "கெனாப்பா தாக் சாக்காப்?" என்றார். ஏன் சொல்லவில்லை? சரக்கு முடிந்த அன்றே சொல்லியிருந்தால் முதலாளியிடம் நானே பேசியிருப்பேனே, அனுப்பியிருப்பாரே என்று மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி, திரும்பத் திரும்பச் சொன்னார். புரியாமல் இருந்திருக்கலாம். அவ்வளவு நாளும் விடுப்பு தராதவர்கள் மேல் ஒரு கோபத்தை வைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் அன்றைக்குக் கையைவிட்டுப் போய்விட்டது. அவர் கோழித் தட்டை என் பக்கம் தள்ளி, சாப்பிடு என்றார். தாலி ஏறிவிட்டது. சாப்பிடலாம்தான். ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டேன். பசி இருந்தது. நன்றாகவும் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சில மாதம் கழித்து அக்கா என் படம் ஒன்று கேட்டாள். என்னிடம் வேறு படம் இல்லை. பூங்காவில் கிளம்பும் முன் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தை அனுப்பினேன். அடுத்த வருடம் ஊருக்குப் போனபோது கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து என் மடியில் விரித்தாள். கோவில்பட்டி ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் என்னை மட்டும் வெட்டி எடுத்து, மணமேடையில் முத்துச்செல்விக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். பட்டு வேட்டிகளுக்கு நடுவில் நான் ஒருவன் மஞ்சள் பனியனில், எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். படம் எடுத்தவன் சிரிக்கச் சொன்ன சிரிப்பு அது. என் இடது தோளில், மணிக்கட்டோடு முடிந்துபோன ஒரு கை இருந்தது. பகதூரின் கை.

"இது யாரு கை?" என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்கிறார்கள் என்றாள் அக்கா. "எடுத்துருங்கன்னு ஸ்டூடியோக்காரர்ட்ட சொன்னேன். அதை வெட்டுனா ஒங்க தம்பி தோளும் சேந்து போயிரும், பரவால்லயான்னு கேட்டாரு. அப்ப இருக்கட்டும்னுட்டேன்."