மஞ்சள் பூத்த கண்கள்

பத்தாம் வகுப்பில் எங்கள் பெஞ்சில் நான்கு பேர். நான் மட்டும் திண்டிவனத்திலிருந்து வேனில் போய் வருபவள்; மற்ற மூவரும் ஹாஸ்டல். சுற்றிலும் கரும்பு நின்ற அந்தத் தனியார் பள்ளியில், ஹாஸ்டல் சேதி எதையும் நாங்கள் வெளியே கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் டி.சி.தான் என்று பிரேயரிலேயே சொல்லியிருந்தார்கள்.

முதலில் ஓரத்தில் உட்காருகிறவள் வரவில்லை. காய்ச்சல், சிக் ரூமில் இருக்கிறாள் என்றார்கள். அடுத்து இன்னொருத்தி. முன் பெஞ்சுகளிலும் இடம் காலியாகிக்கொண்டே வந்தது. எல்லாமே ஹாஸ்டல் பிள்ளைகளின் இடங்கள். வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் எங்களில் ஒருத்திக்கும் தலைவலிகூட இல்லை. ஆசிரியர்கள் அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பாடத்தைத் தொடங்கினார்கள்.

என் பக்கத்தில் மிஞ்சியவள் எங்கள் மாவட்டத்து வல்லம் பக்கத்துப் பெண். ஒருநாள் அவள் திரும்பியபோது கண் மஞ்சளாக இருந்தது.

"இன்னாடி இது, கண்ணு இப்படி கீது?"

"தண்ணி நாத்தம் அடிக்குதுடி. வார்டன் கிட்ட சொன்னா திட்டறாங்க. எங்கம்மாவுக்கு ஒரு போன் பண்ணு" என்று நம்பர் எழுதிய தாளை என் கையில் திணித்தாள்.

மறுநாள் அவளும் வரவில்லை.

நான் போன் செய்யவில்லை. பொதுத்தேர்வு வருடத்தில் டி.சி. கொடுத்தால் எங்கே போவது என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள், பெஞ்சில் தனியாக இருந்த என்னைப் பார்த்து கணக்கு டீச்சர், "நடுவுல தள்ளி உக்காரும்மா" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் போனை எடுத்தேன்.

"மல்லாட்டை புடுங்கிக்கினு கீறேன், யாரும்மா?" என்றது கடலைக் கொல்லையிலிருந்து அவள் அம்மாவின் குரல். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "காலையில மொத பஸ்ஸுக்கு வர்றேன் கண்ணு. உன்னைக் காட்டிக் குடுக்க மாட்டேன்."

மறுநாள் எங்கள் வேன் பள்ளி கேட் அருகே நின்றுவிட்டது. வழியில் ஓர் அம்மா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வாங்கம்மா, இன்னிக்குப் பாக்க முடியாது" என்றார் வாட்ச்மேன்.

"என் பொண்ணைப் பாக்காம நவுர மாட்டேன். வேணும்னா வண்டிய மேல ஏத்திக்கினு போங்க."

பின்னால் வேன்கள் வரிசையாக நின்றன. கடைசியில் இரண்டு ஆயாக்கள் வல்லத்துப் பெண்ணைத் தாங்கிக் கூட்டிவந்தார்கள். அன்று மத்தியானத்துக்குள் சேதி பரவி மற்றப் பெற்றோர்களும் வந்துவிட்டார்கள். கழிவுநீர் குடிநீர்த் தொட்டியில் கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

வல்லத்துப் பெண் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். ஓரத்தில் உட்காருகிறவள் பிழைக்கவில்லை.

அந்த இரண்டு நாளால் எதுவும் மாறியிருக்காது என்கிறாள் என் அம்மா. எந்த டாக்டரிடமும் நான் அதைக் கேட்டதில்லை.