தவக்காலமும் தாடியின் கடைசிச் சண்டையும்

இரண்டு கிழமைக்கு முந்திய திங்கட்கிழமை. விடியக்காலை ஐந்தரை மணி.

அமெரிக்காவில் ஞாயிறு இரவு நடக்கிற ரெஸ்லிங், எங்களுக்குத் திங்கள் விடியலில்தான் வந்து சேர்கிறது. இதைவிடத் தோதான நேரம் வேறு உண்டா? பாதி நித்திரை, பாதி விழிப்பு. ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் பக்கம் இன்னும் மங்கல். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஓடுகிற சத்தம் ஒரு காதில், பல்லாயிரம் பேர் கத்துகிற சத்தம் மற்றக் காதில். கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். பெரிய பெரிய மனிதர்கள் கயிற்றில் ஏறிப் பறக்கிறார்கள்... தரைக்கு வந்து சேர நிறைய நேரம் எடுக்கிறார்கள். டிவிக்குள் பறக்கிறார்களா, என் நித்திரைக்குள் பறக்கிறார்களா என்று தெரியாமல் கதிரையில் சாய்ந்திருப்பேன்.

“உந்த வயசில உது தேவைதானோ?” என்று குசினிக்குள் இருந்து மனைவி கேட்பாள். ஐம்பத்தாறு வயதில் வேறு என்ன தேவையாம்?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் வருத்தம் தெரியும். இப்போதைய நிகழ்ச்சிகளில் அடி குறைந்துவிட்டது, கதை கூடிவிட்டது. மைக்கைப் பிடித்தால் விடுகிறார்கள் இல்லை. மேடைக்கு நடந்து வருவதற்குப் பத்து நிமிடம், சண்டைக்கு ஆறு நிமிடம். சாம்பியன் பெல்ட்டுகளோ கணக்கில்லை. இப்படியே போனால் பார்க்கிறவர்களுக்கும் ஆளுக்கொன்று கிடைக்கும். நடுவர் எப்போதும் தேவையான நேரத்தில் மயங்கி விழுகிறார். எனக்கு இன்னும் பொறுக்காதது, நல்ல நல்ல மேசைகளைப் போட்டு உடைப்பது. அதில் ஒன்று எங்கள் சனசமூக நிலையத்துக்குக் கிடைத்தால் எவ்வளவு உபயோகம்!

உண்மையைச் சொன்னால், அண்மையில் நான் பார்த்ததில் சிறந்தவை பெண்களின் சண்டைகள்தான். அவர்கள் கதைக்கிறதில்லை. வருகிறார்கள், அடிக்கிறார்கள், போகிறார்கள்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை வேறு. அன்றைக்குத் தாடியின் கடைசிச் சண்டை.

தாடி என்பது நாங்கள் வைத்த பெயர். நாங்கள் என்றால் நானும் மரியதாஸ் அண்ணையும். அண்ணைக்கு முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில். நான் கிளிநொச்சியில் வயலும் இந்தப் பத்தியுமாக இருக்கிறேன். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து இருந்த முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கூடாரம். அங்கே யாரோ கொண்டுவந்த சின்ன டிவியில், புள்ளி புள்ளியாக, தாடியை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். அடித்தால் விழுவான், விழுந்தால் எழும்புவான். அப்போது எங்களுக்கு அது போதுமாக இருந்தது. பிறகு அண்ணை கரைக்குப் போனார், நான் வயலுக்கு வந்தேன். ஆனாலும் ஒவ்வொரு சண்டை முடியவும் போன் வரும். “தம்பி, பாத்தனியே?”

இந்த முறை மட்டும் அண்ணை பார்க்கவில்லை.

காரணம் தவக்காலம். ஈஸ்டர் என்கிற உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் நாற்பது நாள், கத்தோலிக்க வீடுகளில் ஆளுக்கொரு விருப்பமான காரியத்தை விட்டுவிடுவார்கள். ஒறுத்தல் என்பார்கள். பெரும்பாலும் இறைச்சியை விடுவார்கள்; சிலர் குடியை விடுவார்கள். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று அண்ணை போன் எடுத்தார்.

“இறைச்சியை விடுறன் எண்டு நான் சொன்னா ஆண்டவர் சிரிப்பார், தம்பி. நான் மீன் தின்னி. குடியும் இல்லை. என்னட்ட விடுறதுக்கு ரெஸ்லிங்தான் இருக்கு.”

“வேற ஏதும் விடலாமே, அண்ணை?”

“நோகாததைக் குடுத்து என்னத்துக்கு? இது றெஜினாவுக்கு.”

றெஜினா அவருடைய ஒரே மகள். கலியாணம் முடித்துக் கிளிநொச்சியில், எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தான் இருக்கிறாள். ஏற்கெனவே இரண்டு பிள்ளை வயிற்றிலேயே தங்காமல் போய்விட்டது. இது மூன்றாவது. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பெரிய கிழமையில் பிள்ளை கிடைக்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அண்ணை நேர்த்தி வைத்து இரண்டு கிழமை போகவில்லை, தாடி மைக்கைப் பிடித்துத் தன் கடைசிச் சண்டையை அறிவித்தான். நாள்? குருத்தோலை ஞாயிறு. தவக்காலம் முடிய இன்னும் ஒரு கிழமை இருக்கும்.

நான்தான் போன் எடுத்தேன். நாளைச் சொன்னேன். “குடுத்தது குடுத்ததுதான்” என்றார் அண்ணை. “நீ பார். உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிய நான் பாக்கிறன். அதுவரைக்கும் முடிவை ஒருத்தரும் எனக்குச் சொல்லக் கூடாது. நீ போனும் எடுக்காத. உன்ர குரலே சொல்லிப்போடும்.”

அன்று விடியலில் நான் தனியே பார்த்தேன். எதிராளி உடம்பெல்லாம் பச்சை குத்திய ஓர் இளந்தாரி. தாடி மூன்று தரம் விழுந்தான். மூன்று தரமும் எழும்பினான். பிறகு எதிராளியைத் தூக்கி அடித்துவிட்டு, வென்றுவிட்டான் என்று எல்லோரும் எழும்பி நிற்கும்போது... தோற்றான். சப்பாத்தைக் கழற்றி மேடை நடுவில் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வெறுங்காலோடு நடந்து போனான். வெளியே விடிந்துகொண்டிருந்தது. நான் வாய்விட்டே அழுதேன்.

அழுதது பெரிதில்லை. சொல்லி அழ ஆளில்லாமல் போனதுதான் பெரிது. அந்த முடிவை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வயல் வரம்பில் நடந்து திரிந்தேன்.

புதன்கிழமை காலை றெஜினாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிரஷர் ஏறிவிட்டதாம். அண்ணை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். மருமகன் மருந்துக்கு ஓடித் திரிந்தான். போகாமல் இருக்க முடியுமா? நானும் போய் வாங்கில் அண்ணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையில் செபமாலை. கண் லேபர் றூம் கதவில்.

பத்து மணி, பதினொரு மணி, பன்னிரண்டு... உள்ளே போன நேர்ஸ் மிஸ்ஸிமார் ஒருவரும் வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை.

“தம்பி,” என்றார் அண்ணை. “இதுவும் போனா அவள் தாங்கமாட்டாள்.”

அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அந்த அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

“மனசை விடாதேங்கோ அண்ணை. தாடியும் மூண்டு தரம் விழுந்து எழும்பினவன்தானே. தோத்தும் சிரிச்சுக்கொண்டுதானே போனவன்...”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

அண்ணை திரும்பவில்லை. விரல்கள் மணியை உருட்டிக்கொண்டேயிருந்தன. கண் கதவை விட்டு அசையவில்லை. கேட்டாரா? கேட்கவில்லையா? கேட்கவும் பயம்.

மெல்ல எழும்பி வெளியே வந்து, சைக்கிள்கள் விடுகிற இடத்தில் வேப்பமரத்தடியில் நின்றேன். நான் பெரிய பக்திமான் இல்லை. நேர்த்தியில் நம்பிக்கை உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தால், இந்தப் பக்கத்திலேயே கிண்டல் பண்ணியிருப்பேன். ஆனால் அன்றைக்குக் கிண்டல் வரவில்லை. ஒரு மனுஷன் தன் மகளுக்காக நாற்பது நாள் கட்டிக் காத்ததை நான் அரை வசனத்தில் உடைத்துவிட்டேன். உள்ளே ஏதாவது நடந்தால்? அதற்குப் பிறகு அந்த மனுஷனின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

“பிள்ளையாரே, பிழை என்னுடையது, அவருடையது இல்லை. அண்ணை கும்பிடுகிற அந்தோனியாரிடமும் ஒருக்கால் சொல்லிவிடு” என்று கும்பிட்டேன். யாரிடம் யாரைத் தூது விடுகிறேன் என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. வேப்பம்பூ தலையில் உதிர்ந்துகொண்டிருந்தது. வெயில், ஆட்கள், ஒலிபெருக்கி எல்லாம் எங்கோ தூரத்தில் நடப்பது போலிருந்தது.

இரண்டரைக்கு மருமகன் ஓடி வந்தான். “மாமா, பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்.”

அண்ணை என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இந்த மாதம் அழுகையாகவே போய்விட்டது. அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும், என்னால் பொறுக்க முடியவில்லை.

“அண்ணை, முதல் நான் வாய் தவறி ஒண்டு சொல்லிப்போட்டன்...”

“என்ன சொன்னனி? எனக்கு அந்தக் கதவைத் தவிர ஒண்டும் கேக்கேல்லை” என்றார், கண்ணைத் துடைத்தபடி. “இனியும் சொல்லிப்போடாத. ஞாயிறு பாக்கவேணும்.”

அன்றிரவு எனக்கு வந்தது அப்படி ஒரு நித்திரை!

உயிர்ப்பு ஞாயிறு. பூசை முடிந்து, றெஜினாவின் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மருமகன் தாடியின் சண்டையைப் பதிவு செய்து வைத்திருந்தான். யன்னல் சீலை காற்றில் மெல்ல ஏறி இறங்க, அண்ணை கதிரையில் சாய்ந்துகொண்டார். மடியில் நாலு நாள் பேத்தி, உலகத்தில் ஒன்றும் அவசரமில்லை என்பது போல் கண்ணைத் திறந்து முகட்டைப் பார்த்துக்கொண்டு.

தாடி விழும்போதெல்லாம் அண்ணை “அடடா” என்றார். எழும்பும்போதெல்லாம் என் தொடையில் தட்டினார். புதிதாகப் பார்க்கிறவர் மாதிரியே இருந்தது. மனதுக்குள் அந்தோனியாருக்கு இன்னொருக்கால் நன்றி சொன்னேன்.

கடைசிக் கட்டம். எதிராளி தரையில் கிடக்கிறான். தாடி கை இரண்டையும் உயர்த்திக்கொண்டு நிற்கிறான். வென்றாயிற்று. கூட்டம் எழும்பி நிற்கிறது. தோற்கப் போகிறான் என்று அந்த நிமிடத்தில் யாரும் நினைக்க வழியில்லை.

“விடாத, தாடி. முடி, முடி” என்று கத்தினார் மரியதாஸ் அண்ணை.

கத்திக்கொண்டே, பேத்தியின் கண்ணைக் கையால் மெல்ல மூடினார்.

கேட்டிருக்கிறது... அன்றைக்கே, எல்லாம் கேட்டிருக்கிறது.