ஊதாப் புங்கன்

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் மரக்கன்றுகளுக்குப் பொறுப்பாளன் நான். உயிருள்ள எதையும் என்னிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதற்கு அந்த இருநூறு புங்கங்கன்றுகளே சாட்சி.

கன்று வளர்க்கும் பைகளுக்குச் செம்மண் வாங்கச் சொன்னார்கள். எனக்கோ மூளை அதிகம். ஏரித் தண்ணீரைத் தெளியவைக்கப் படிகாரம் போடும் தொட்டியிலிருந்து வாரிக் காயவைத்த சேறு, மாவாய் உதிர்ந்து மூட்டை மூட்டையாகக் கிடந்தது. வண்டல்தானே என்று அதையே நிரப்பினேன். சேறு தீர்ந்துபோனதால் கடைசிப் பத்துப் பைகளுக்கு மட்டும் செம்மண். மீட்டிங்கில் இதைச் சொல்லிக் கைதட்டல் வேறு வாங்கினேன்.

ஒன்றரை மாதமாயிற்று. சேற்றுக் கன்றுகள் விரல் உயரத்தில் நின்றுவிட்டன, இலையெல்லாம் ஊதா. தலைமை அலுவலகப் பெரியவர் திங்கட்கிழமை கன்று நட வருகிறார். அவர் முகம் சுளித்தால் என் ஒப்பந்தம் அத்தோடு சரி. பயத்தில், பாஸ்பரஸ் நிறைந்த டிஏபி உரத்தை அள்ளி அள்ளிக் கொட்டினேன். ஒன்றும் அசையவில்லை.

கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் மணிமங்கலத்து அக்கா ஒரு பையைக் கிழித்து, வேரைக் கழுவிக் காட்டினார். நுனியெல்லாம் தடித்து, பழுப்பேறி, மொட்டையாக இருந்தது.

"செம்மண்ணு பையெல்லாம் நல்லாத்தான் கீது சார். உங்க வண்டல்லதான் சீக்கு."

"உரம் போட்டேனேக்கா."

"வாயே இல்லாததுக்கு பிரியாணி வச்சா அது இன்னா சார் பண்ணும்?"

வேளாண்மைத் துறையில் இருக்கும் நண்பனுக்குப் போன் செய்தேன். படிகாரம் என்றதுமே சிரிக்க ஆரம்பித்தான்.

"அது அலுமினியம்டா. வேர் நுனியக் கெடுத்துடும். நீ போடுற பாஸ்பரஸ் செடிக்குப் போகாம மண்ணே புடிச்சிக்கும். மொதல்ல மண்ண மாத்து."

நான் வேதியியல் பட்டதாரி. படிகாரத்தில் அலுமினியம் உண்டு என்று தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியவன்.

மண்ணை மாற்ற நாளில்லை. பத்துப் பச்சைக் கன்றுகளை முன்வரிசையில் நிறுத்தி, ஊதாக்களைப் பின்னால் ஒளித்தேன். பெரியவர் பச்சையைத் தாண்டி நேரே பின்னால் போனார்.

"இது என்ன வெரைட்டி? கலர் அழகா இருக்கே."

"அபூர்வ ரகம் சார்" என்றேன். நாக்கு கூசவேயில்லை. குடத்தோடு நின்றிருந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஒப்பந்தம் நீண்டது. மண் மாற்றிய கன்றுகள் இப்போது பச்சையாகத் துளிர்க்கின்றன. அந்த அபூர்வ ரகத்தைப் பார்க்கப் பெரியவர் மறுபடியும் வருகிறாராம்.

"மண்ணு மாத்தசொல்ல கொட்டுனதுல ஒரு மூட்டை சேறு எடுத்து வச்சிக்கினு இருக்கேன் சார். போட்டுடட்டா?" என்கிறார் அக்கா.

வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை.